அடைப்புக்குறிக்குள் மலேசியா

உட்காருங்க. ஆள் வரவில்லை. துண்டு என்னுடையதுதான், ஒருத்தனுக்காகப் போட்டு வைத்தேன். வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு இடிக்காதீங்க, மேலே போடுங்க.

என்ன அது, பத்திரிகையா? பெண்ணுக்கா, பையனுக்கா? காட்டுங்க. எனக்குத் தர வேண்டாம், பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ம். அச்சு பரவாயில்லை. ஊர்ப் பேர் எல்லாம் போட்டிருக்கீங்க. ஓசூர், கோயமுத்தூர், இது யாரு துபாய்? சித்தப்பா பையனா. சரி. போடத்தான் வேண்டும். போடாவிட்டால் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்பான். நானும் போட்டேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

என் பெண் கல்யாணத்துக்கு. போன தை மாசம்.

கதை சொல்கிற ஆள் இல்லை நான். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் பம்ப் ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் எவன் பேசுவான்? ஆனால் குளித்தலை வரைக்கும் இந்த வண்டி ஊர்ந்துதான் போகும். நீங்களும் தூங்குகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

பேர் செங்கோடன். மகன் இளம்பரிதி. பேர் வைத்தது எங்கள் யூனியன் செயலாளர். எனக்குப் பழனிச்சாமி என்று வைக்கத்தான் ஆசை. வீட்டில் பரிதி என்போம். கெமிஸ்ட்ரி படித்தான். நான்தான் மேனேஜர் ஜெகதீசன் சாரிடம் சொல்லி, நான் ரிட்டயர் ஆன அதே ஃபேக்டரியில் லேபில் சேர்த்துவிட்டேன். கம்பெனிப் பேர் வேண்டாம். பஸ்ஸில் எத்தனை காது இருக்கிறதோ.

சாயத்துக்கு மருந்து தயார் பண்ணுகிற கம்பெனி. கழிவுத் தண்ணீர் வரும். சுத்தம் பண்ணி வெளியே விடணும் என்று சட்டம். பண்ணவில்லை. காம்பவுண்டுக்குள்ளே வற்றிப்போன போர் ஒன்று இருந்தது, எழுநூறு அடி. அதற்குள்ளே விட்டுவிடுவார்கள். சுற்றி நாலு கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. குழந்தைகளுக்கெல்லாம் உடம்பில் படை.

அந்த வால்வைத் திருகினவன் நான்தான். எட்டு வருஷம். சொன்னார்கள், திருகினேன்.

பரிதிக்கு இது பொறுக்கவில்லை. லேபில் ரெண்டு நோட்டு இருக்குமாம். ஒன்று அதிகாரிக்குக் காட்ட, ஒன்று நிஜம். நிஜ நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கோர்ட்டுக்கும் பேப்பருக்கும் அனுப்பிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை என்றான். பதில் பார்த்தீங்களா?

அப்புறம் ஆரம்பித்தது. வீட்டு முன்னால் ரெண்டு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள், போவார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துச் சாட்சி சொன்னவன் பெரியசாமி என்று ஒரு விவசாயி. ஆடி மாசம் பட்டப்பகலில் லாரியில் அடிபட்டுச் செத்தான். லாரிக்கு நம்பர் பிளேட் இல்லை. பரிதி சாவுக்குப் போய்விட்டு வந்து குளிக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்தான். "அடுத்தது நான்தாம்பா" என்றான். சோறு வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

எஸ்தர் என்று ஒரு வக்கீலம்மா. தென்காசிப் பக்கம், இப்போது திருச்சியில் பிராக்டீஸ். சின்ன வயசு, வேகமான பேச்சு. அதுதான் நாட்டை விட்டுப் போய்விடுவது நல்லது என்றது. வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நார்வேயாம். அங்கே வடக்கே ஒரு ஊரில் ஒரு பல்கலைக்கழகம். இந்த மாதிரி உண்மை சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு ரெண்டு வருஷம் இடம் கொடுக்கிறார்களாம். கடிதாசி வந்துவிட்டது. விசாவுக்கு ஆறு வாரம். அதுவரைக்கும் சென்னையில் யார் வீட்டிலோ இருக்கட்டும் என்றது.

"அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களாம்மா?" என்றேன்.

"அந்த ஊர்ல உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல ஐயா. அதான் நல்லது."

நம் ஆள் இல்லாதது நல்லதாம். எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள் இதை?

பரிதி ஃபோனில் படம் காட்டினான். எல்லாம் வெள்ளை. வருஷத்தில் ரெண்டு மாசம் சூரியனே வராதாம்.

"துணி எப்படிடா காயும்?"

"மெஷின் இருக்குப்பா."

"உனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெக்கறதும் மெஷினா?"

அவன் சிரித்தான். வக்கீலம்மா சிரிக்கவில்லை. நானும்தான்.

எனக்கு அப்போதே மனசில் மலேசியா. என் சம்சாரம் ராஜாமணிக்கு அண்ணன் சுப்பராயன், கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். முப்பது வருஷமாக அங்கேதான். கடைக்குப் பின்னால் ரூம். அரிசிச் சோறு. தமிழ்ப் பேச்சு. முருகன் கோயில். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். சென்னைக்குப் பஸ்ஸில் போவதைவிடக் குறைச்சல். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்க?

வக்கீலம்மா ஒரேயடியாக வேண்டாம் என்றது. அந்த நாட்டில் அடைக்கலம் கொடுக்கிற சட்டம் கிடையாதாம். உலக நாடுகளெல்லாம் போட்ட ஏதோ ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லையாம். விசா முடிந்துவிட்டால் இவனும் திருட்டுத்தனமாகத் தங்கியிருக்கிற ஆயிரம் பேரில் ஒருத்தன், பிடித்து ஏற்றிவிடுவார்கள் என்றது.

"கையெழுத்துப் போடலைன்னா என்னம்மா? சொந்த மாமன் இருக்கான். எந்தக் கையெழுத்து அதுக்கு மேல?" என்றேன்.

பரிதி என்ன சொன்னான் தெரியுமா? "அப்பா, சொந்தக்காரன் இருக்கற ஊருன்னா அவங்களும் அங்கதாம்பா முதல்ல தேடுவாங்க. என்னை யாருக்கும் தெரியாத இடம்தான் எனக்கு வேணும்."

யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்குடா உயிரோடு இருக்கணும்? கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டான்.

பாஸ்போர்ட் என் பீரோவில் இருந்தது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, எல்லாம் நான்தான் வைத்துக்கொள்வேன். சாவி அரைஞாண் கயிற்றில். நார்வே என்றால் சாவி கிடையாது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை, அடிக்கவில்லை. நாலு நாள் அவன் என்னோடு பேசவில்லை. ராஜாமணி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சோறு போட்டாள். வாசலில் பைக் வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. அஞ்சாம் நாள் காலையில் வந்து என் முன்னால் நின்றான்.

"சரிப்பா. மலேசியாவே போறேன். சாவியக் கொடுங்க."

பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்டான் என்று எனக்கு ஒரு சந்தோஷம். பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான்.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான். எங்கே இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணினேன். காப்பாற்றவும் செய்தேன். ஆவணியில் போனவன். தை வரைக்கும் அஞ்சு மாசம் வாயைத் திறக்கவில்லை. பங்காளி கேட்டான், டெல்லி என்றேன். டீக்கடையில் கேட்டான், டெல்லி என்றேன். போலீஸ்காரன் வந்தான். கம்பெனிக் காகிதத்தைத் திருடிவிட்டான் என்று கேஸ் போட்டிருந்தார்கள். அவனிடமும் தெரியாது என்றேன். இந்த வயசில் ஸ்டேஷனில் நாலு மணி நேரம் உட்கார வைத்தான். சொன்னேனா? சொல்லவில்லை.

வக்கீலம்மா என்னையும் சாட்சி சொல்லக் கேட்டது. "வால்வைத் திறந்தது நீங்க. நீங்க சொன்னா போதும் ஐயா, பரிதி மேல போட்ட கேஸே நிக்காது." ஒரு வீட்டில் ஒருத்தன் சொல்லிக் கெட்டது போதாதா என்றேன். அதுவும் ஜெகதீசன் சார் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மகன் வேலையே அவர் கொடுத்தது.

என் பெண் மணிமொழிக்கு மாப்பிள்ளை தகைந்தது கார்த்திகையில், கல்யாணம் தையில். நாமக்கல் பக்கம், நல்ல குடும்பம். பத்திரிகை அடிக்கணும். பெண்ணுக்குக் கூடப்பிறந்தது ஒரே அண்ணன். அவன் பேர் இல்லாமல் பத்திரிகையா? செத்தவன் பேரைத்தானய்யா விடுவார்கள்! மணிமொழி சொன்னாள், "அண்ணன் பேரைப் போடுங்கப்பா, ஊரைப் போடாதீங்க." எல்லார் பேருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி போட்டு ஊர் இருக்கிறது. சித்தப்பன் கரூர், பெரியப்பன் தாராபுரம். இவனுக்கு மட்டும் மொட்டையாக விட்டால் சம்பந்தி வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? ஜெயிலில் இருக்கிறான் என்று நினைக்கமாட்டானா?

அச்சாபீஸ்காரன் கேட்டான், "மலேசியான்னு மட்டும் போடட்டுங்களா, ஊரும் போடட்டுங்களா?" கீழேயே தாய்மாமன் சுப்பராயன், கிள்ளான் என்று இருக்கிறது. மாமனுக்கு ஒரு மாதிரி, மருமகனுக்கு ஒரு மாதிரியா? ரெண்டும் ஒரே மாதிரி போடு என்றேன். அழகாக வந்தது. இளம்பரிதி, அடைப்புக்குறிக்குள் கிள்ளான், மலேசியா. எழுநூறு அடித்தோம்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. ரெண்டாவது ஜெகதீசன் சாருக்கு.

ஏன், என்ன? முப்பத்தொரு வருஷம் சோறு போட்ட இடம். கேஸ் நடக்கிறது என்பதற்காக முறையை விட முடியுமா? எதிரி வீடாக இருந்தாலும் தெருவில் ஒரு வீடு விடாமல் வைக்கிறவன் நான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்து நேரில் கொண்டுபோனேன். ராஜாமணியைக் கூப்பிட்டேன். முட்டி வலி என்றாள். அன்றைக்குத்தான் வலிக்கணுமா?

மனுஷன் என்ன மரியாதை தெரியுமா! "வா செங்கோடா, உட்காரு" என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டார். காப்பி வந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். இப்போதெல்லாம் எவன் முழுசாகப் படிக்கிறான்? தேதியைப் பார்ப்பான், மண்டபத்தைப் பார்ப்பான், மடித்து வைப்பான். இவர் படித்தார்.

"பரிதி இப்ப கிள்ளான்லயா?"

"ஆமாங்க சார். மாமன் கடையிலதான்."

"பெரிய கடையா?"

"மளிகைங்க சார். ரயிலடிக்கு எதிர்த்தாப்புலயே."

"நல்லா இருக்கட்டும். கேஸ் கிடக்குது, அது கோர்ட் சமாச்சாரம். உம் பொண்ணு எம் பொண்ணு மாதிரி."

வந்தார். சொன்ன மாதிரியே முகூர்த்தத்துக்கு வந்தார். வெள்ளிக் குத்துவிளக்கு ஜோடி. பந்தியில் உட்கார்ந்து ரெண்டாம் தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். பகை இருக்கிறவன் ரசம் வாங்குவானா?

என்ன அப்படிப் பார்க்கிறீங்க?

பாருங்க, எனக்குப் புரியாமல் இல்லை. மணிமொழியும் இப்படித்தான் பார்த்தாள். மாசி மாசம் செய்தி வந்த அன்றைக்கு. யாரோ ரெண்டு பேர் சுப்பராயன் கடைக்கு வந்து சீரகம் வாங்கிக்கொண்டு போனார்களாம். மறுநாள் குடிநுழைவு அதிகாரிகள், விசா பார்க்கிறவர்கள், வண்டியோடு வந்து, கடைக்குள் ஒரு டப்பாவைக்கூடத் தொடாமல், நேராகப் பின்னால் ரூமுக்குப் போய்விட்டார்கள். விசா கார்த்திகையிலேயே முடிந்துவிட்டது. சுப்பராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேறென்ன செய்வான்? அவனுக்கும் கடை இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது.

மாமன் இருக்கிறான், மாமன் இருக்கிறான் என்றேன். மாமன் இருந்தான். அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் நார்வேயில் மட்டும் பிடிக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? சொல்லுங்க. வக்கீலம்மா சொல்கிறது, அங்கே பிடித்தாலும் அனுப்பமாட்டார்களாம். அது சொல்லும். போய்ப் பார்த்ததா?

நாற்பத்தி ரெண்டு நாள் முகாமில் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை ஃபோன் பேச விட்டார்கள்.

"அப்பா, மணி கல்யாணப் பத்திரிகைல என் பேரு போட்டீங்களா?"

"போடாம? அண்ணன்டா நீ."

"ஊரு?"

"எல்லாருக்கும் போட்டதுதான்."

பின்னால் யாரோ அவர்கள் பாஷையில் சத்தம் போடுகிறான். அப்புறம், "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். எனக்கு அந்தச் சரிப்பாதான்... விடுங்க. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்துங்க, புழுதி.

திருச்சியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏர்போர்ட்டிலேயே போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நானும் ராஜாமணியும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் வேறு வழியாகப் போய்விட்டானாம். ஜெயிலில் மனுப் போட்டுப் பார்த்தேன். இளைத்திருந்தான். தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்டான். மாப்பிள்ளை எப்படி, அம்மாவுக்கு முட்டி எப்படி? எல்லாரையும் கேட்டான். நான் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்தது என்றான் வார்டர்.

ஒரு தடவை ஜெகதீசன் சார் வீட்டுக்கும் போனேன். ஆமாம், போனேன். கேட்டுவிடலாம் என்றுதான். கேட்டைத் திறக்கவில்லை. சார் வெளியூர் என்றான் வாட்ச்மேன். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷம் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா? வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எழுபத்தொரு வயசில் வேறென்ன பண்ணச் சொல்கிறீங்க? கதவை உதைக்கவா?

இன்றைக்கு ஜாமீன். வக்கீலம்மா கெட்டி, வாதாடி வாங்கிவிட்டது. கோர்ட் வாசலில் காலை பத்து மணியிலிருந்து நின்றேன். புதுச் சட்டை கொண்டுபோயிருந்தேன். கூட்டிக்கொண்டு வருவேன் என்று ராஜாமணி கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். பகலிலேயே ஸ்டாண்டுக்கு ஒரு தடவை வந்து, எந்த பஸ்ஸில் கூட்டம் இருக்காது என்று விசாரித்தும் வைத்தேன்.

மூணு மணிக்கு வக்கீலம்மா மட்டும் வந்தது.

"ஐயா, பரிதியை விட்டுட்டாங்க. அப்பவே கிளம்பிட்டார்."

"எங்க? வீட்டுக்கா?"

"எங்க தங்கப் போறீங்கன்னு ஜட்ஜ் கேட்டாங்க. வீடு வேண்டாம்னுட்டார். உயிருக்கு ஆபத்து இருக்குன்னு அட்ரஸை மூடின கவர்ல கொடுத்திருக்கோம்."

"சரிம்மா. நல்லதுதான். எந்த ஊரு?"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஃபைலைக் கட்டியது, அவிழ்த்தது, மறுபடி கட்டியது. அவ்வளவு வேகமாகப் பேசுகிற பிள்ளை.

"கேட்டா சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கார் ஐயா. உங்ககிட்டதான். அம்மாகிட்ட அப்புறம் அவரே பேசுவாராம்."

வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று இல்லை. என்னிடம்தான். பெற்றவனிடம்.

சண்டை போட்டிருப்பேன். அந்தக் கோர்ட் வாசலிலேயே கத்தியிருப்பேன். ஆனால் சட்டையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன், சேர்த்துவிடு என்று. வாங்கிக்கொண்டது. ராஜாமணியிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். வந்து பஸ் ஏறி, பழக்கத்தில் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டிருக்கிறேன், பாருங்க.

ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறான். முதலில் கம்பெனிக்காரனிடமிருந்து. இப்போது என்னிடமிருந்து.

ஆனால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? நான் என்ன முட்டாளா? முந்தா நாள் வக்கீலம்மா ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அது ஃபோனில் பேசுகிறது, "அண்ணே, மாடி ரூம தூத்துப் போட்டு வையி, ஆள் வராங்க" என்று. தூத்து என்றால் பெருக்குவது, அவர்கள் பக்கத்துப் பேச்சு. அண்ணன் வீடு தென்காசியில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏதோ சர்ச் இருக்கிறதாம், அதை ஒட்டின தெரு என்று ஒரு தடவை அதுவே சொல்லியிருக்கிறது. அங்கேதான் போயிருப்பான். வேறு எங்கே போவான்? பந்தயம் கட்டுகிறேன்.

தெரிந்துகொண்டு நான் என்ன பண்ணப் போகிறேன்? போய் நிற்கவா போகிறேன்? இருக்கிற இடம் தெரிந்தால் ராத்திரி தூக்கம் வரும். அவ்வளவுதான். அதைப் போய் என்னிடம் மறைக்கிறான். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்?

இந்தாங்க, உங்கள் பத்திரிகை. இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், கேட்கவே இல்லை பாருங்க. நீங்க எந்த ஊர்? எங்கே வேலை?